முழங்கால் அறுவைக்குப் பின் வலி: கூட்டுவன எவை, குறைப்பன எவை?

“டாக்டர், தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதிய மூட்டைப் பொருத்திவிட்டீர்கள். பிறகும் ஏன் வலிக்கிறது?”

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், முதல் மறுபரிசோதனைக்கு வரும்போது மிகுதியாகக் கேட்கும் வினா இது. நோயாளி கேட்கும்போது குரலில் அச்சம் தெரியும். மகனோ மகளோ கேட்கும்போது சற்றே சினமும் தெரியும். இரண்டும் இயல்பானவையே. பெரும் பொருள் செலவழித்து, துணிந்து ஒரு முடிவெடுத்த குடும்பம், அதன் பயனை உடனே காண விரும்புவதில் வியப்பில்லை.

புதுவாயலைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருவோரின் முழங்கால்கள் எளிதில் ஓய்வு கண்டவை அல்ல. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்று பணிபுரிந்தோர் ஒருபுறம். ஆரணியாற்றுப் பகுதி வயல்களில் நாற்று நட்டும் களையெடுத்தும் வயதானோர் மறுபுறம். இவர்களுள் பலர், வலியைப் பல ஆண்டுகள் தாங்கிக்கொண்ட பின்னரே அறுவைக்கு ஒப்புக்கொள்கின்றனர். அவ்வாறு தாங்கிய பழக்கமே அறுவைக்குப் பின் சில வேளைகளில் எதிரியாகிவிடுகிறது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

வலி எங்கே உண்டாகிறது?

முழங்கால் மூட்டின் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் வலியுணரும் நரம்புகள் இல்லை. அது தேய்ந்தபின், அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சூழ்ந்த உறையும், உட்புற மெல்லிய சவ்வுமே வலியை உணர்கின்றன. அறுவையின்போது தொடை எலும்பின் கீழ்முனையும் கணுக்கால் நோக்கிச் செல்லும் எலும்பின் மேல்முனையும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவப்பட்டு, உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் பொருத்தப்படுகின்றன. அதற்காகத் தோல், தசைநார், மூட்டுறை ஆகியவை திறக்கப்படுகின்றன. ஆகவே பழைய தேய்மான வலி நீங்கும் அதே நாளில், புதிய காயத்தின் வலி தொடங்குகிறது. இவ்விரண்டும் வேறு வேறு வலிகள் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

அடுத்து அறிய வேண்டியது, காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதாகும். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020ஆம் ஆண்டில் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியமைத்தது. வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் கலந்த விரும்பத்தகாத அனுபவம் என்றும், உயிரியல் காரணங்களோடு உளவியல், சமூகக் காரணங்களும் அதனை வெவ்வேறு அளவில் பாதிக்கின்றன என்றும் அது கூறுகிறது. “வலி மனத்தில்தான் இருக்கிறது” என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முழங்காலிலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடத்தைக் கடந்து மூளையை அடையும் வழியில், அதனைப் பெருக்கவும் அடக்கவும் வல்ல இடங்கள் பல உள்ளன என்பதே பொருள். தூக்கமின்மை, அச்சம், நீண்ட நாள் வலி ஆகியவை அச்செய்தியைப் பெருக்குகின்றன. நல்ல உறக்கம், நம்பிக்கை, முறையான அசைவு, தக்க மருந்து ஆகியவை அடக்குகின்றன.

எத்தனை நாள் வலி இயல்பு?

முதல் இரண்டு, மூன்று நாள்களில் வலி மிகுதியாக இருக்கும். அறுவை அரங்கில் போடப்பட்ட நரம்புத் தடை ஊசியின் ஆற்றல் குறையும் முதல் இரவில் வலி திடீரெனக் கூடியதுபோலத் தோன்றலாம். இதனை முன்கூட்டியே அறிந்தவர் அஞ்சுவதில்லை. இரண்டு வாரங்களில் தையல் பிரிக்கும்போது வலி கணிசமாகக் குறைந்திருக்கும். ஆறு வாரங்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் இயல்பாக நடமாடுவர். மூன்று மாதங்களில் பெரும்பகுதி வலி நீங்கிவிடும். அதன் பின்னரும் ஓராண்டு வரை சிறிது சிறிதாக முன்னேற்றம் தொடரும்.

முழங்கால் சில மாதங்கள் வரை தொட்டால் சூடாகவும் சற்று வீங்கியும் இருப்பது பொதுவாக இயல்பே. தழும்பின் வெளிப்புறத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருப்பதும் இயல்பே. அங்கு செல்லும் ஒரு சிறு தோல் நரம்பு, கீறல் போடும் வழியில் இருப்பதால் அவ்வாறு ஆகிறது. மூட்டு பழுதாகிவிட்டது என்று அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் உண்மையை மறைப்பதற்கில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, முழங்கால் மூட்டு மாற்றத்துக்குப் பின் நூற்றுக்குப் பத்து முதல் முப்பத்து நான்கு பேர் வரை, பல மாதங்கள் கழிந்த பின்னரும் பொருட்படுத்தத்தக்க வலியோடு இருந்தமை தெரியவந்தது. பெரும்பான்மையோர் நலமடைகின்றனர், சிறுபான்மையோர் அடைவதில்லை. அச்சிறுபான்மையில் ஒருவராகும் வாய்ப்பைக் கூட்டுவன எவை, குறைப்பன எவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறுவைக்கு முன்பே அமையும் காரணிகள்

ஒன்று, முன்பிருந்த வலி. அறுவைக்கு முன் வலி மிகக் கடுமையாகவும் நெடுங்காலமாகவும் இருந்தவர்களுக்குப் பின்னரும் வலி கூடுதலாக இருக்கக் காண்கிறோம். ஓயாமல் வலிச் செய்தி பெற்ற நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்துவிடுகிறது. சிறு தூண்டலையும் பெரிதாகக் காட்டுகிறது. முழங்காலோடு இடுப்பு, முதுகு, தோள் எனப் பல இடங்களில் வலி உள்ளவர்களிடம் இதனைத் தெளிவாகக் காணலாம்.

இரண்டு, வலியின் உண்மையான பிறப்பிடம். இடுப்பு மூட்டிலோ முதுகெலும்பிலோ உள்ள நோய், முழங்காலில் வலியாக வெளிப்படுவதுண்டு. எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் சிறிதாகவும் வலி பெரிதாகவும் இருந்தால், அறுவைக்கு விரையாமல் காரணத்தைத் தேட வேண்டும். தேய்மானம் குறைவாக உள்ளவர்கள் மூட்டு மாற்றத்தால் நிறைவடையும் வாய்ப்பும் குறைவு.

மூன்று, அச்சமும் மனச்சோர்வும். “இந்தக் கால் இனித் தேறாது”, “என்னால் தாங்கவே முடியாது” என்று மீண்டும் மீண்டும் எண்ணுபவர்களுக்கு வலி கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. இதைப் பலவீனம் என்று எள்ளுதல் தகாது. நீரிழிவைப்போல இதுவும் அறுவைக்கு முன் கண்டறிந்து கவனிக்க வேண்டிய ஒரு நிலை.

நான்கு, உறக்கம். இரவுப் பணி முறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் பலர் ஆழ்ந்த உறக்கம் இல்லாமலே எங்களிடம் வருகின்றனர். உறக்கம் குன்றினால் வலியைத் தாங்கும் ஆற்றலும் குன்றும். அறுவைக்கு நாள் குறித்தபின், இயன்றால் சில வாரங்கள் பகல் பணிக்கு மாற்றிக்கொள்ளுமாறு நான் அறிவுறுத்துவதுண்டு.

ஐந்து, முன்பே உட்கொண்ட மருந்துகள். மருந்துக்கடையில் ‘செட் மாத்திரை’ என்று கலந்து கொடுப்பதை மாதக்கணக்கில் விழுங்குவோர் உள்ளனர். அதில் ஸ்டீராய்டும் வலிமையான வலிநிவாரணியும் இருக்கக்கூடும். அபின் வகை மருந்துகளுக்கு உடல் பழகிவிட்டால், அறுவைக்குப் பின் வழக்கமான அளவு மருந்து வேலை செய்யாது. வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதித்திருந்தால், பயன்படுத்தக்கூடிய மருந்துகளும் சிலவாகச் சுருங்கிவிடும். எனவே இதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளை மறைக்காமல் கொண்டு வாருங்கள். உங்களைக் கடிந்துகொள்வது எங்கள் நோக்கமன்று.

ஆறு, உடல்நிலை. கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் புகைப்பழக்கமும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தி, கிருமித்தொற்றுக்கு இடமளிக்கின்றன. தொடையின் முன்பக்கத் தசை வலுவிழந்திருந்தால் புதிய மூட்டுக்குத் துணை இல்லை. அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் இத்தசை தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழக்கிறது. இருப்பே குறைவாக உள்ளவர்க்கு அவ்விழப்பு பெரும் இழப்பு. ஆகவே பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்குவது நன்று.

எதிர்பார்ப்பும் ஒரு காரணியே

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்து 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தது. முழங்கால் தேய்மானம் கொண்ட 180 பேரில் ஒரு பகுதியினருக்கு நுண்துளை வழியே மூட்டினுள் சுரண்டித் தூய்மை செய்தனர். ஒரு பகுதியினருக்கு மூட்டைக் கழுவி மட்டும் விட்டனர். எஞ்சியோருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் தையலிட்டனர். இரண்டாண்டுக்குப் பின் மூன்று பிரிவினரின் வலியிலும் வேறுபாடு இல்லை. தேய்மானத்துக்கு நுண்துளைத் தூய்மை பயன் தராது என்பது இதனால் விளங்கியது. எதிர்பார்ப்பு வலியை எவ்வளவு மாற்ற வல்லது என்பதும் விளங்கியது.

மூட்டு மாற்று அறுவையின் நிலை வேறு. 2015ஆம் ஆண்டு டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவையும் பயிற்சியும் பெற்றோர், அறுவையின்றிப் பயிற்சியும் பிற சிகிச்சைகளும் மட்டும் பெற்றோரைவிட ஓராண்டில் கூடுதல் நலமடைந்தனர். எனினும் அறுவை பெற்றோரிடையே கடுமையான பின்விளைவுகளும் கூடுதலாக இருந்தன. அறுவை பெறாதோரும் நன்கு முன்னேறினர். ஓராண்டுக்குள் அவர்களில் நான்கில் ஒருவர் மட்டுமே அறுவைக்குச் சென்றார். எனவே “அறுவை தேவையா?” என்ற வினாவை எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். அதுவே பின்னாளைய வலியைக் குறைக்கும் முதல் படி.

எதிர்பார்ப்பு நிலத்தில் காலூன்றியதாக இருக்கட்டும். கவரைப்பேட்டை நிலையத்தில் மின்தொடர் வண்டியின் படியேறுதல், செவ்வாய்க்கிழமையில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் சென்று வரிசையில் நிற்றல், கடைத்தெருவுக்கு நடந்து சென்று திரும்புதல் ஆகியவை பெரும்பாலோர்க்குக் கைகூடும். தரையில் சம்மணமிட்டு அமர்தல், குத்துக்காலிடுதல், மண்டியிட்டு வணங்குதல் ஆகியவை கடினமாகவே இருக்கும். பலர் அவற்றைத் தவிர்க்க வேண்டியும் வரும். இதனை முன்பே அறிந்தவர் ஏமாற்றம் அடைவதில்லை. வீட்டில் மேற்கத்திய முறைக் கழிப்பறை அமைக்கும் வேலையை அறுவைக்கு முன்பே முடித்துவிடுவது நலம்.

அறுவை அரங்கில் செய்யப்படுபவை

இன்று வலியைக் குறைக்க ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுப்பதில்லை. வெவ்வேறு வழிகளில் செயல்படும் மருந்துகளைச் சிறு அளவுகளில் இணைத்துக் கொடுக்கிறோம். முதுகில் போடும் மயக்க ஊசி, தொடையின் உட்புறம் போடும் நரம்புத் தடை ஊசி, மூட்டைச் சுற்றிச் செலுத்தும் மரப்பு மருந்து, பாரசிட்டமால், வீக்கம் குறைக்கும் மருந்து என இவை ஒன்றுக்கொன்று துணையாகின்றன. தொடையின் உட்புறத் தடை ஊசி, வலியைக் குறைத்தாலும் தசையை அதிகம் தளரச் செய்வதில்லை என்பதால் அறுவை நாளிலோ மறுநாளிலோ நடக்க முடிகிறது. பொருத்திய மூட்டின் நேர்நிலையும் தசைநார்களின் இழுவிசைச் சமநிலையும் அறுவை மருத்துவரின் பொறுப்பு. இவற்றில் குறை நேர்ந்தாலும் வலி நீடிக்கும். ஆகவே நீடிக்கும் வலிக்கு நோயாளியின் மனத்தை மட்டும் காரணம் காட்டுவது எங்களுக்கும் அழகன்று.

ஒரு நோயாளி கற்பித்த பாடம்

பல ஆண்டுகளுக்கு முன், பட்ட மேற்படிப்பு முடித்த புதிதில், வேறோர் ஊரில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மையாருக்கு மூட்டு மாற்றம் நடந்தது. வாழ்நாள் முழுதும் வயலில் உழைத்தவர். காலையில் நோயாளிகளைப் பார்வையிடும்போது, “எப்படி இருக்கிறீர்கள் அம்மா?” என்று கேட்பேன். “பரவாயில்ல டாக்டர்” என்பார். நான் குறிப்பேட்டில் ‘வலி குறைவு’ என எழுதிவிட்டு நகர்வேன். வீடு திரும்பியபின் முதல் முறை வந்தபோதும் அதே விடை. எக்ஸ்ரே படம் அழகாக இருந்தது. நானும் மகிழ்ந்தேன்.

எட்டாவது வாரம் அவர் வந்தபோது முழங்கால் அறுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை. நாற்காலியிலிருந்து எழவே ஏறத்தாழ தொண்ணூறு பாகை மடங்க வேண்டும். அப்போதுதான் அவருடைய மகள் சொன்னார்: “ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல டாக்டர். காலை அசைச்சா உயிர் போகுதுன்னு தலையணை மேல வெச்சுப் படுத்தே கெடந்தாங்க. மாத்திரை சாப்பிட்டா கிட்னி கெடும்னு யாரோ சொன்னாங்களாம், அதையும் நிறுத்திட்டாங்க.” அம்மையார் தலைகுனிந்து, “உங்களுக்குத் தொந்தரவு குடுக்க வேணாம்னுதான்” என்றார்.

வலிக்கிறது என்பதால் அவர் அசைக்கவில்லை. அசைக்காததால் மூட்டினுள் தழும்புத் திசு வளர்ந்து இறுகியது. இறுகியதால் வலி மேலும் கூடியது. மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து பயிற்சி தொடங்க வேண்டியதாயிற்று. பெருமளவு தேறினார், எனினும் முதல் வாரத்திலேயே சரியாகக் கேட்டிருந்தால் அவர் அடைந்திருக்கக்கூடிய அளவுக்குத் தேறவில்லை. அவர் மறைத்தது உண்மை. மறைக்க முடியாதபடி நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அன்று முதல் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டு நிறுத்துவதில்லை. “நேற்று இரவு வலியால் எத்தனை முறை விழித்தீர்கள்? கழிப்பறைக்கு நடந்து சென்றீர்களா? பயிற்சியைப் பாதியில் நிறுத்தினீர்களா?” என்று கேட்கிறேன். பூச்சியம் முதல் பத்து வரை வலிக்கு எண் சொல்லுமாறு செவிலியர் கேட்பதும் இதற்காகவே. நான்குக்கு மேல் சென்று பயிற்சி தடைப்பட்டால் உடனே சொல்லுங்கள். வலியைச் சொல்வது முறையீடன்று. அது எங்களுக்குத் தேவையான மருத்துவத் தகவல்.

வீட்டில் செய்ய வேண்டுவன

• எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, வலி உச்சத்தை அடையும் வரை காத்திராமல், குறித்த நேரத்தில் குறித்த நாள்கள் வரை உட்கொள்க. பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் உட்கொண்டால் பயிற்சி எளிதாகும். சிறுநீரக நோயோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முன்பே தெரிவிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் நீங்களாக நிறுத்தாமல் எங்களைக் கேளுங்கள்.

• முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர். மடங்கிய நிலை இதமாக இருக்கும். ஆயினும் அப்படியே இறுகிவிட்டால் பின்னர் காலை நேராக நீட்ட இயலாது. உயர்த்தி வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்க.

• கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தித் தொடைத் தசையை ஐந்து வினாடி இறுக்குதல், குதிகாலைப் படுக்கையில் நகர்த்தியபடி முழங்காலை மடக்குதல் ஆகிய மூன்றையும் இயன்முறை மருத்துவர் சொன்ன எண்ணிக்கையில் நாளும் பலமுறை செய்க. ஒரே வேளையில் நெடுநேரம் செய்வதைவிட, பலமுறை சிறிது சிறிதாகச் செய்வது நன்று.

• பயிற்சிக்குப் பின் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுதல், பற்றுப் போடுதல் ஆகியவை ஆறாத காயத்துக்கு ஆகாதவை.

• பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் தணியும் வலி ஏற்கத்தக்கது. மறுநாள் வரை நீடித்து வீக்கமும் கூடினால், அன்று செய்தது மிகை என்று கொண்டு அளவைக் குறைக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

பாசத்தால் செய்யும் இரு தவறுகள் உண்டு. “பாவம், வலிக்கிறது, படுத்திருக்கட்டும்” என்று எல்லாவற்றையும் படுக்கைக்கே கொண்டு கொடுப்பது ஒன்று. “பக்கத்து வீட்டு அக்கா பத்து நாளில் நடந்துவிட்டார், நீங்கள் மட்டும் ஏன்?” என்று ஒப்பிடுவது மற்றொன்று. முன்னது மூட்டை இறுக்கும்; பின்னது மனத்தை இறுக்கும். இரண்டும் வலியைக் கூட்டும். அருகில் அமர்ந்து பயிற்சியை எண்ணிச் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். இரவில் உறங்கினாரா என்பதைக் கவனித்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் கூறுங்கள். நோயாளி “பரவாயில்லை” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வல்லவர் நீங்களே.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

குறைந்து வந்த வலி திடீரெனக் கூடுதல், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிதல், காய்ச்சலும் குளிர்நடுக்கமும், கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றுதல், காலை ஊன்றவே இயலாமை. இவற்றுள் எது இருந்தாலும் மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே வருக. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால், காலின் இரத்தக் கட்டி நுரையீரலை அடைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

இவ்வறிகுறிகள் எவையும் இல்லாமல், மூன்று மாதங்கள் கடந்தும் வலி அன்றாட வாழ்வைத் தடுக்குமானால், அதனை அறுவைக்குப் பின்னான நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் இன்று தனியே வகைப்படுத்தியுள்ளது. அதற்கெனப் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் உள்ளன. மூட்டின் நிலை, கிருமித்தொற்று, நரம்புப் பாதிப்பு, இடுப்பு, முதுகு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து காரணத்தைத் தேடுவோம். “எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது” என்ற விடையோடு நீங்கள் வீடு திரும்ப வேண்டியதில்லை.

புதிய மூட்டைப் பொருத்துவது ஏறத்தாழ இரண்டு மணி நேர வேலை. அதனை உங்கள் காலாக மாற்றிக்கொள்வது மூன்று மாத வேலை. முதற்பணியை நாங்கள் செய்கிறோம். இரண்டாவதை நாம் சேர்ந்து செய்ய வேண்டும். அடுத்த முறை வரும்போது “பரவாயில்லை” என்பதற்கு மாறாக, நேற்றைய இரவு எப்படிக் கழிந்தது என்று சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.